தட்டினால் வரும்

மிருகக்காட்சி சாலையின் கடைசிக் கழுதைப்புலி செத்த அன்று, அதன் காது நுனியிலிருந்து வெட்டியெடுத்த துளித் தோல், வாரங்கள் கழிந்தும் பரிசோதனைக்கூடத்துக் குடுவையில் செல்களாகப் பெருகிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு வயதாகும் முன்பே உறைய வைத்துவிட வேண்டும். அதற்கு முன் ஒருமுறை பார்க்கட்டுமே என்று, அந்த விலங்கைக் குட்டியிலிருந்து பராமரித்த லூர்துவை வரச் சொல்லியிருந்தாள் கூடத்தின் ஆய்வாளர் மெகருன்னிசா.

லூர்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். குடுவையின் அடியில் நீள நீளமாக ஏதோ ஒட்டிக்கிடந்தது.

“அசையவே மாட்டேங்குதே மேடம்.”

“மருந்து ஊத்தியிருக்கேண்ணே. இப்பப் பிடி விட்டுரும்,” என்றவள், குடுவையின் பக்கவாட்டில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

செல்கள் உருண்டு திரண்டு, ஒவ்வொன்றாக எழுந்து மிதந்து வந்தன.

லூர்து கண்ணை எடுக்கவில்லை. “நானும் கூண்டுக் கம்பியில இப்படித்தான் ரெண்டு தட்டு தட்டுவேன். எந்த மூலையில கிடந்தாலும் எந்திரிச்சு வந்துரும். ஆனா கையில கறி இல்லாம ஒருநாளும் தட்டினதில்ல மேடம்.”

மறுநாளும் வந்தார். இரவெல்லாம் மெல்ல மெல்ல உறைய வைத்த சிறு குப்பிகளை, திரவ நைட்ரஜன் புகையும் கலனுக்குள் அவள் இறக்கினாள்.

“திரும்ப எப்ப எழுப்புவீங்க?”

“தெரியலண்ணே. நம்ம காலத்துல இருக்காது.”

மூடி விழுந்தது. புறப்பட்ட லூர்து, கலனின் மேல் இரண்டு முறை தட்டினார். உடனே, தட்டிய வெறுங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.