நான்கிலிருந்து

மலாயாவில் அவசரகாலத்தின் மூன்றாம் வருடம். லூபோக் சீனாவுக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், மாலை வெயில் முள்வேலியின் நிழலை ரோஸின் அடுப்படிக்குள் நீட்டிப் போடுகிறது. மகள் பாட்ரீசியா சீனமொழி வகுப்புக்கான விண்ணப்பப் பாரத்தை அம்மியின் பக்கத்தில் விரிக்கிறாள். “கைநாட்டு வைங்கம்மா. ஒரு வருசம் படிச்சா மலாக்கா போலீஸ் ஆபிஸ்ல பேச்ச மாத்திச் சொல்ற துபாசி வேலை.” ரோஸ் புளி கரைக்கிறாள். “உங்கண்ணன் கிளீட்டசும் வேலைக்குன்னுதான் சப்பான் பாசை படிச்சான். துபாசியா சயாம் ரயில் பாதை போடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனானுங்க. வந்தானா?” “அது சப்பான்காரன் காலம். இப்ப வெள்ளைக்காரன் காலம்லா.” “எவனா இருந்தா என்ன? காட்டுல புடிச்சிட்டு வர்ற சீனக் கம்யூனிஸ்ட்காரன்கிட்ட கேள்வி கேக்கப் போறது நீ. வெளிய இருக்கற அவன் கூட்டாளிங்க உன் மூஞ்சியத்தான் ஞாபகம் வச்சிருப்பானுங்க.” “அதுக்காக காலம் முழுக்க பால் வெட்டவா?” ரோஸ் புளியை அழுத்திப் பிழிகிறாள். சீனக் கடைக்காரர் மகளிடம் கற்ற எண்களைப் பாட்ரீசியா சொல்லிக் காட்டுகிறாள். “ஈ, அர், சான்...” மூன்றோடு நிறுத்துகிறாள். ஜப்பானிய மொழியிலும் மூன்றுக்குச் சான்தான். புளித்தண்ணீருக்குள் ரோஸின் கை அசையாமல் நிற்கிறது. பள்ளிக்கூடமே போகாத அவள், மகன் இதே அடுப்படியில் நாள்தோறும் ஒப்பித்த ஜப்பானிய எண்களை நான்கிலிருந்து தொடர்கிறாள். “சி, கோ, ரொக்கு...” பத்தைத் தாண்டியும் அம்மா நிறுத்தவில்லை. பாட்ரீசியா பாரத்தை எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நிற்கிறாள்.