வந்து கெடுத்தவர்

எதிரே நாற்காலி காலி. கடிகாரத்தில் ஐம்பத்தைந்து நிமிஷம் ஓடிவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் போனால், ஒரு காயைக்கூட நகர்த்தாத பெஞ்சமேன் தோற்றவர். கலைவாணி ஜெயித்தவள்.

எதிராளி வராமல் கிடைக்கும் வாக்ஓவர்தான். ஆனாலும் பாயிண்ட் பாயிண்ட்தானே? மூன்று வருஷமாகப் போட்டி போட்டியாக அலைந்தும் பிடிகொடுக்காத சர்வதேச ரேட்டிங், இந்த ஒரு பாயிண்ட்டில் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. வராவிட்டால் செஸ்ஸுக்கே முழுக்கு என்று புருஷனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"முடிச்சிடலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"டைம் இருக்கும்மா" என்ற ஆட்ட நடுவர், ஆர்பிட்டர் முருகையன், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சமேன் மாதிரி பிரான்ஸ் பென்ஷன்காரர் என்றால் ஆர்பிட்டருக்கும் தனிக் கரிசனம் போலிருக்கிறது. கலைவாணிக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பெஞ்சமேன் வந்தே விட்டார். கோட்டு போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"பர்தோன் மதாம், மன்னிக்கணும். மெட்ராஸ்ல ஃப்ளைட் புடிக்கணும். ஆரம்பிக்கலாமா?"

ஃப்ளைட் பிடிக்கிற மனுஷன் நேரே போகவேண்டியதுதானே? பரிசு வாங்கும் இடத்திலும் அவர் இல்லை. பிறகு எதற்கு இந்த வீம்பு?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கடுப்பில் அவள் மனசு பலகையில் நிற்கவில்லை. அவருடைய குதிரையைக் கவனிக்காமல் ராணியைப் பறிகொடுத்தாள். இருபதே நிமிஷம். ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்தாள். அவர் கைகுலுக்கிவிட்டு டாக்ஸிக்கு ஓடினார்.

வாசலில் புருஷன் செல்வகுமார் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான்.

"இன்னா ஆச்சு?"

"தோத்துட்டேங்க. அந்த ஆளு வராமலே இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன். என்னைத் தோக்கடிக்கிறதுக்குன்னே வந்துட்டுப் போறாரு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கேலி செய்யத் தயாராக இருந்தவனுக்கே பாவமாகப் போயிற்று. "சரி உடு. வா, போவலாம்" என்றான்.

வண்டி கிளம்புவதற்குள் முருகையன் பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, உங்க பொறந்த தேதிய சொல்லிட்டுப் போங்க. ரேட்டிங்குக்கு அனுப்பணும்."

"எனக்கா? நான் தோத்துட்டேனே சார்."

"பாயிண்ட் உங்களுக்கு முன்னாடியே போதுமான அளவு இருந்துச்சும்மா. ரேட்டிங் இருக்கிறவங்களோட ஒம்பது ஆட்டம் ஆடியிருக்கணும். உங்களுக்கு எட்டுதான் ஆயிருந்துச்சு. வாக்ஓவர் அதுல சேராது."

"ஆடித் தோத்தா?"

"தோத்தாலும் சேரும்."

கலைவாணி புருஷனைப் பார்த்தாள். அவன் ஸ்கூட்டரை அணைத்துவிட்டான்.

"பெஞ்சமேன் சார் வரலைன்னுதாம்மா போன் பண்ணாரு. 'அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரே ஆட்டம்தான் குறையுது சார்'னு சும்மா சொல்லி வெச்சேன். மெட்ராஸ் ரோட்டுல காலாப்பட்டு தாண்டிப் போயிட்ட டாக்ஸியத் திருப்பிக்கிட்டு வந்துட்டாரும்மா மனுஷன்."