தூண் சொன்ன சேதி

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்காகப் பேரூராட்சி கட்டிய மையத்தில் திறப்பு விழா.

"இங்க வாடகை கிடையாதுங்க. நீங்க செய்யற பொருளை முதல்ல நாங்களே வாங்குவோமுங்க," என்றார் தலைவர் திருமூர்த்தி. "அம்மணி, உன்ற மெஷினைக் காட்டு."

கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் தன் கருவியைத் தூணில் பொருத்தினாள், அங்கே தொழில் தொடங்க வந்திருந்த யுஸ்ரா. கருவி அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் முகம் வெளுத்தது. "இடியற நிலைமைன்னு காட்டுதுங்க. எல்லாரும் வெளிய போயிருங்க!"

கூட்டம் சிரித்தது.

"போன மாசம் முடிச்ச கட்டடம் கண்ணு! மெஷின்லதான் கோளாறு." தலைவர், சற்றுமுன் தான் சால்வை போர்த்திய காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மச்சான், நீங்களே சொல்லுங்க."

நாற்காலியில் சால்வை மட்டும் கிடந்தது. காண்ட்ராக்டர் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.