மூன்றாவது சொட்டு

சாப்பாடு முடிந்து, செம்பருத்திப் பானம் இருந்த ஜாடி காலியாகிக் கிடக்கிறது. எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போய், வருடங்கள் கழித்துத் திரும்பியிருக்கும் கணவன் எலியுதேரியோவுக்கு ருஃபினா சுரைக்காய்க் கிண்ணத்தில் மெஸ்கால் சாராயம் ஊற்றுகிறாள். ஓஹாகாவின் மதிய வெயில் அதில் நடுங்குகிறது. வீட்டில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு சொட்டு மண்ணில் விட்ட பிறகுதான் குடிக்க வேண்டும். அதை அவன் மறக்கவில்லை. "அப்பாவுக்கு," என்று ஒரு சொட்டு விடுகிறான். "அம்மாவுக்கு." மண்தரை இரண்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. ருஃபினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவன் வாயைத் துடைக்கிறான். "அவ்ளோதானா?" என்கிறாள். "வேற யாரு இருக்கா?" அவன் போன பிறகு பிறந்து, பல் முளைக்கும் முன்பே இறந்துவிட்ட மகள் இருக்கிறாள். போனில் சொன்னபோது அழத்தான் செய்தான். ருஃபினா தனக்கு ஊற்றி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, மொத்தத்தையும் தரையில் கவிழ்க்கிறாள். "என்னடி, நல்ல சரக்க இப்பிடி வீணாக்குற?" என்கிறான் அவன்.