இரண்டு பேர் மிஞ்சிய ஆட்டம்

நெவில் பந்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கூடைப்பந்துத் தளத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே அவருடைய அணியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். பெவன்.

ஐந்து பேரோடுதான் ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. இரண்டு பேர் ஃபவுல் அதிகமாகி வெளியே அனுப்பப்பட்டார்கள். மாற்றி இறக்க ஆள் இல்லை. இருவர் இருக்கிறவரை ஆட்டம் நடக்கலாம் என்பது விதி.

வெளியிலிருந்து பந்தை உள்ளே போட வேண்டியவர் நெவில். வாங்க இருந்தது பெவன் மட்டும்.

பெவன் கைகளை நீட்டினார்.

ஐந்து நொடிக்குள் போட்டாக வேண்டும்; நடுவர் கையசைத்து எண்ணினார். நெவில் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்து விசில் ஒலித்தது. பந்து எதிரணிக்குப் போனது.

"என்ன நெவ், கையில பசையா ஒட்டியிருக்கு? அந்த மனுஷன்கிட்டக் குடுத்துத் தொலையேன்யா!"

கத்தியது டாரில். வெளியே அனுப்பப்பட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஊருக்கு மாற்றலாகி வந்த போலீஸ்காரன், எதுவும் தெரியாதவன். பக்கத்திலிருந்தவர் அவன் தொடையைத் தட்டினார்.

"நீ சும்மா இருப்பா."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

லின்ஃபோர்ட் ஆண்கள் கூடைப்பந்து சங்கத்தின் கடைசி ஆட்டம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, செம்புச் சுரங்கத்துக்காரர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து, தாங்களே மரம் அறுத்துத் தளம் போட்டுத் தொடங்கிய சங்கம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், மேற்குக் கரையில் இவர்களோடு மோத ஒரு காலத்தில் எல்லோரும் பயந்தார்கள். தோற்றவர்களையும் உட்காரவைத்து கறி அடைத்த மீட் பையும் பீரும் கொடுத்து அனுப்புவார்கள். பிறகு சுரங்கம் மூடியது. ஆட்கள் குடும்பம் குடும்பமாக கடல் தாண்டி பெர்த் பக்கம் போய்விட்டார்கள்.

பெவன்தான் விடவில்லை. பப்பில் பிடித்து, சர்ச் வாசலில் மடக்கி, எப்படியாவது சனிக்கிழமைக்கு ஐந்து பேரைச் சேர்த்துவிடுவார். சங்கம் இல்லையென்றால் பெவன் செத்தே போய்விடுவார் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

இப்போது இந்த ஆட்டக்கூடத்தையே பிரிக்கப்போகிறார்கள்.

நெவில் ஏழு வருடமாக ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. பெவனுக்கு ஒரு தடவைகூடப் பந்தைக் கொடுத்ததுமில்லை. பெவன் கூடைக்கு அடியில் தனியாக நின்று கை நீட்டினாலும், திரும்பி வேறு யாருக்காவது போட்டுவிடுவார். பேச்சும் கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்கள் ஏதோ பழைய பகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதிரணி கூடை போட்டது. பர்னி நகரத்திலிருந்து வந்த இளவட்டங்கள். அவர்களுக்கே அதில் சந்தோஷமில்லை.

வலை வழியே விழுந்த பந்து பெவனின் காலடிக்கு உருண்டு வந்தது. அவரே எடுத்து வெளியே போய் நெவிலுக்குப் போட்டிருக்கலாம்.

எடுக்கவில்லை. உள்ளே நகர்ந்து, திரும்பி நின்று, மறுபடி கைகளை நீட்டினார்.

"குடுடா நெவ்."

நெவில் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனார். நடுவர் எண்ணத் தொடங்கினார். நெவில் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

பந்து வந்தது. வேகமே இல்லாமல் வந்தது.

பெவன் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பர்னிக்காரர்கள் யாரும் கிட்டே வரவில்லை. அவர் ஓடவில்லை. கூடையைப் பார்க்கவுமில்லை. ஆட்டம் முடியும் சைரன் ஒலிக்கும்வரை அப்படியே நின்றார்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாலை; அங்கே அது கடுங்குளிர் காலம். பர்னியில் ஆட்டம் முடிந்து திரும்பும்போது நெவிலின் வண்டி உறைபனியில் வழுக்கி, மலைவளைவில் உருண்டது. நெவில் தோளெலும்பு முறிந்து பிழைத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரெய்க் பிழைக்கவில்லை. கிரெய்க், பெவனின் மகன். சங்கத்துக்காக அவன் ஆடிய முதல் ஆட்டம் அது.

யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். பெவனும் அப்படித்தான் நினைத்தார். அதைச் சொல்ல நெவிலின் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. எத்தனையோ முறை போனார். திறக்கவேயில்லை.

ஆனால் ஐந்தில் ஒரு ஆள் குறைந்தாலும் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது என்பதால், சனிக்கிழமை மட்டும் நெவில் வந்தார்.

நெவில் அப்படி வருவதற்காகத்தான் பெவன் ஆள் தேடிக்கொண்டே இருந்தார். மகன் போனபிறகு அந்த ஆட்டமே அவருக்குக் கசந்துபோயிருந்தது.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நெவிலிடம் போனார். நெவில் இந்த முறை விலகவில்லை.

"நெவ், என் பையன் கடைசியா என்ன சொன்னான்?"

நெவில் பெவனின் தோளுக்கு மேலாகக் கூடையைப் பார்த்தார்.

"தூங்கிட்டிருந்தான் பெவன். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

கிரெய்க் வண்டியில் தூங்கியதே கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோதுகூட. எவ்வளவு தூரமானாலும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வீடு வரும்வரை விழித்திருப்பான்.

பெவன் நெவிலின் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் அவர் நடந்ததைச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது.

"நல்லவேளை" என்றார் பெவன்.