பேய் வீட்டை இடிக்கலாமா?

"ஆர்லாண்டோ முழுக்க சினிமாப் பூங்காதான் ஓடுது. நம்ம பேய் வீட்டை இடிச்சிட்டு, ஹிட் படம் ஒண்ணை அப்படியே சவாரியாக் கட்டிடுவோம்" என்றார் கேளிக்கைப் பூங்கா முதலாளி வெண்டல்.

"ஊரான் கதை எதுக்கு பாஸ்? இது நம்ம சொந்தச் சரக்கு!" அதை வடிவமைத்த கோரின் விடவில்லை.

"சரக்கு போணியாகலையே! இப்ப ஒரு சுத்து போயிட்டு வந்தோமே, நம்மளைத் தவிர ஈ, காக்கா உண்டா?"

வாசல் திரையில், அவர்கள் போன சவாரியில் தானியங்கி கேமரா எடுத்த புகைப்படங்கள் வந்தன. எல்லா வண்டியிலும் கூட்டம்.

"யா... யாரிவங்க?"

"செத்தவங்களுக்குப் பிடிச்ச இடம்னு அவங்க சாம்பலை ஜனங்க இங்க திருட்டுத்தனமாத் தூவறாங்களே, அந்தச் செத்தவங்கதான்."

"அதைத்தான் தினமும் மெஷின் வச்சு உறிஞ்சிடறோமே!"

"சாம்பல் போயிடுது. ஆளுங்க போக மாட்டேங்கறாங்க."

வெண்டல் உற்றுப் பார்த்தார். அவர் தனியாகப் போன வண்டியில், அவர் தோளில் சாய்ந்து சிரித்தாள் ஐலீன். போன மாதம் யாருக்கும் தெரியாமல் அவரே இங்கே சாம்பலைத் தூவிவிட்டுப் போன அவர் மனைவி.

"அப்ப, இடிச்சிடலாமா பாஸ்?"

"வேண்டாம்." அவர் திரையில் ஐலீனின் முகத்தைத் தொட்டார். "அவளுக்கு சினிமாவே பிடிக்காது."