பின் இருக்கைக் குரல்

“அவரு தனியா இருக்கும்போது வேற மாதிரி, அத்தை.”

“எம்புள்ளையா? எறும்பு குறுக்க வந்தாக்கூட ஒதுங்கிப் போறவன்மா அவன். யாரை வேணா கேட்டுப் பாரு.”

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விமானம் ஓட்டக் கற்க வருகிறவர்கள் எல்லோரும் ‘நம்ம வாத்தியார் தங்கம்’ என்றுதான் சொன்னார்கள்.

அது போன வாரம். இப்போது அந்தத் ‘தங்கம்’ பின் இருக்கையில், ஓட்டக் கற்றுக்கொண்டு அவள் முன்னால்.

இந்த விமானம் இருவருக்குமே புதுசு. பழையதில் அருகருகே உட்காருவார்கள். கணவன் முகம் மாறும்போதே அவள் சுதாரித்துக்கொள்வாள். இதில் முகம் தெரியாது. காதுக்குள் குரல் மட்டும்.

பழையதில் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் இருவரும் பேசிக்கொள்ள முடியும். இதில் சும்மா பேசினாலே கேட்கும். பொத்தானை அழுத்தினால் பேச்சு கீழே அலுவலகச் சுவரில் இருக்கும் ஸ்பீக்கருக்கே போய்விடும். காலையில் மெக்கானிக் அதைச் சொல்ல வந்தபோது, “இருபது வருஷமா ஓட்டுறேன்பா” என்று சிரித்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டான் கணவன். மெக்கானிக் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாலுக்கடியில் சக்கரம் வைத்த வண்டி. தரையைத் தொட்டதும் தவளையாய்த் துள்ளியது, வால் பக்கவாட்டில் வீசியது. பதறிப்போய் மறுபடி மேலே ஏற்றினாள்.

“பெடலை மிதின்னு எத்தனை தடவைடி கத்துறது, மூதேவி? வீட்டுக்கு வா. போன தடவை வாங்கினது பத்தல போலிருக்கு.”

அவளுக்கு எதிரே, ரேடியோவில், பேச்சு கீழே போவதைக் காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

பழக்கதோஷம். அவன் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் அந்த விளக்கு தெரியாது.

மகனின் புது விமானத்தைப் பார்க்க வந்திருந்த மாமியார், கீழே அந்த ஸ்பீக்கருக்கு நேர் அடியில்தான் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவன் மாணவர்கள்.

‘கையை எடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விளக்கு அணைந்தது.

அவள் தன் பொத்தானை அழுத்தினாள். விளக்கு மறுபடி எரிந்தது. விரலை எடுக்கும்வரை கீழே இருக்கிற யாராலும் குறுக்கே பேச முடியாது.

ஆறு வருடமாகத் தொண்டையிலேயே நின்றிருந்தது, பணிவாகத்தான் வெளியே வந்தது.

“என்னங்க, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என்னை அடிக்காதீங்க.”